அத்தியாயம் 6: ஐந்து பட்டையில் ஒரு பேஸ் நெக்

பேஸ் கிட்டாரில் ஓய்வே இல்லாத உறுப்பு நெக். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 34 இஞ்ச், அதாவது 863.6 மி.மீ. வழக்கமான 45–105 கம்பி செட்டைப் போட்டுச் சுருதி சேர்த்ததும் நான்கு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 75 முதல் 80 கிலோ எடைக்கு இழுக்கின்றன. வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் அந்த இழுப்பு இருந்துகொண்டே இருக்கும். தாங்குவதோ இரண்டு சென்டிமீட்டர் சொச்சம் தடிமனுள்ள மரம். அது முன்னோக்கி வளைந்தால் டிரஸ் ராடைத் திருகி நிமிர்த்திவிடலாம். முறுக்கிக்கொண்டால், அதாவது நட் ஒரு பக்கமும் ஹீல் மறுபக்கமும் சாய்ந்துவிட்டால், எந்த ராடும் கைகொடுக்காது. ஒரு ஓரத்தில் கம்பி ஃபிரெட்டில் உரசிக் கரகரக்கும், மறு ஓரத்தில் விரல் வலிக்கும் உயரத்தில் நிற்கும்.

பட்டைகளை ஒட்டி நெக் செய்வதற்கு முதல் காரணம் இதுதான். ஆனால் எது சரியாகும், எது சரியாகாது என்பதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். பக்கவாட்டில் வில்லாக வளையும் குணமுள்ள மரத்தைப் பட்டைகளாக அறுத்து, ஒன்றுவிட்டு ஒன்றைப் புரட்டி ஒட்டினால் ஒன்றின் வளைவை மற்றது எதிர்த்து நிற்கும். முறுக்கு அப்படி அடங்காது. வலம்புரிச் சங்கை எப்படிப் புரட்டி வைத்தாலும் அது வலம்புரிதான். முறுக்குள்ள பட்டையும் அப்படியே. அதைக் கண்டுபிடித்துக் கழிக்கத்தான் வேண்டும். ஒரே கட்டையில் நெக் செய்பவருக்கு முறுக்கு கடைசியில்தான் தெரியவரும். பட்டைகளாக அறுத்தவருக்கு முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். ஒட்டு நெக்கின் பெரிய லாபம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

அழகு இரண்டாம் பட்சம். 1951-ல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸின் நெக் ஒரே மேப்பிள் துண்டு. அதன் முதுகில் ஓடும் கறுத்த கோட்டைப் பார்த்து ஒட்டு நெக் என்று சொல்பவர்கள் உண்டு. பின்பக்கமாக டிரஸ் ராடை இறக்கிய பள்ளத்தை மூடும் வால்நட் பட்டை அது, அவ்வளவே. பல மரங்களைப் பக்கம் பக்கமாக ஒட்டிக் கோடுகளைக் காட்டும் நெக்குக்கு மவுசு வந்தது 1970களில். கலிஃபோர்னியாவின் அலெம்பிக் பட்டறைக்கும், அந்த பேஸைக் கையில் எடுத்த ஸ்டான்லி கிளார்க் போன்றவர்களுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. அதிலிருந்து கோடு போட்ட நெக் என்றாலே உசத்தி என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டது. நல்ல ஒற்றைத் துண்டு நெக், அவசரத்தில் ஒட்டிய ஏழு பட்டை நெக்கைவிட எவ்வளவோ மேல்.

இன்னொரு நம்பிக்கையையும் இங்கேயே கழித்துவிடுவோம். பசைக்கோடு விறைப்பைக் கூட்டும் என்பார்கள். பட்டைகள் நிமிர்ந்து பக்கம் பக்கமாக நிற்கும்போது கம்பியின் இழுப்பு எல்லாவற்றையும் ஒரே திசையில் ஒன்றாக வளைக்கிறது. நடுவில் இருக்கும் பசைக்கு அந்த இடத்தில் பெரிய வேலை இல்லை. பட்டைகளுடைய விறைப்பின் சராசரிதான் நெக்கின் விறைப்பு. கூடுதல் விறைப்பு வேண்டுமானால் தடிமனைக் கூட்டுங்கள். விறைப்பு தடிமனின் முப்படியாக ஏறும், 20 மி.மீ. நெக்கை 22 ஆக்கினால் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஜி கம்பியில் ஐந்தாவது, ஏழாவது ஃபிரெட் பக்கம் ஸ்வரம் சட்டென்று அணைந்துபோகும் ‘டெட் ஸ்பாட்’ சங்கதியும் இதே மாதிரிதான். நெக்கின் சொந்த அதிர்வு அந்த ஸ்வரத்தோடு ஒத்துப்போய் அதன் சக்தியை விழுங்குவதால் வருவது அது. ஒட்டு நெக்கில் அது இடம் மாறலாம், இல்லாமல் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அளவும் மரமும்

இந்த அத்தியாயத்தில் செய்யப்போவது நாலு கம்பி, 20 ஃபிரெட், போல்ட் போட்டு உடலோடு இணைக்கும் நெக். நட் அகலம் ஜாஸ் பேஸ் மாதிரி 38 மி.மீ., ஹீல் அகலம் 63.5 மி.மீ. பட்டைகள் ஐந்து: ஓரத்தில் 23 மி.மீ. மேப்பிள், அடுத்து 5 மி.மீ. வால்நட், நடுவில் 14 மி.மீ. மேப்பிள், மறுபடி 5, மறுபடி 23. மொத்தம் 70. நீளம் 900 மி.மீ. எடுத்துக்கொள்ளுங்கள், ஹெட்ஸ்டாக்கும் அதற்குள் அடங்கும். நாலு ட்யூனரும் ஒரே வரிசையில் வரும் ஹெட்ஸ்டாக்குக்கு 70 அகலம் போதாது. மிச்சத் துண்டுகளைப் பக்கத்தில் ஒட்டிப் பின்னால் அகலமாக்கிக்கொள்ளலாம்.

பட்டைகளின் எண்ணிக்கை மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றைப்படையாகவே இருக்கட்டும். டிரஸ் ராடின் பள்ளம் நட்டநடுவில் ஓடுகிறது. இரட்டைப்படையாக வைத்தால் அந்தப் பள்ளம் பசைக்கோட்டின் மேலேயே விழும். நமது 14 மி.மீ. நடுப்பட்டையில் 6 மி.மீ. பள்ளம் எடுத்தாலும் இருபுறமும் 4 மி.மீ. மரம் மிஞ்சும்.

மேப்பிளும் வால்நட்டும் இறக்குமதி மரம் விற்கும் இடங்களில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் முடங்கிவிட வேண்டாம். வைரம் பாய்ந்த பழைய தேக்கு நெக்குக்கு நன்றாகவே உழைக்கும். பழைய வீடு இடிக்கும் இடத்திலிருந்து வந்த உத்தரத் துண்டு என்றால் அது ஏற்கெனவே பல கோடைகளைப் பார்த்து ஓய்ந்த மரம், இன்னும் நல்லது. உள்ளே ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்துவிட்டு அறுக்கக் கொடுங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன்பு அசிட்டோன் தொட்ட துணியால் ஒட்டும் முகத்தைத் துடைக்க வேண்டும். வேங்கையைக் கோடாக வைக்க ஆசை வரும், நிறம் அப்படி. ஆனால் வேங்கைக் குவளையில் ஊற்றிய தண்ணீர் நிறம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாயம் பாலிஷ் போடும்போது பக்கத்து வெளுத்த மரத்தில் இறங்கிவிடும்.

ஃபிரெட்போர்டுக்கு நம் ஈட்டியைவிடச் சிறந்ததைத் தேடி அலைய வேண்டியதில்லை. உலகத்துக் கிட்டார் கம்பெனிகளே அதைத்தான் வாங்குகின்றன. ஆனால் தமிழ்நாட்டில் ஈட்டி மரத்தை வெட்டுவதற்கு 2025 வரை தனிச்சட்டமே இருந்தது. ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா இனம் முழுவதும் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது. செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019-ல் விலக்கு கிடைத்தது, பலகைக்கு அல்ல. ரசீதோடு வாங்குங்கள்.

அறுப்பது, ஆறப்போடுவது

மரவாடியில் பெரும்பாலும் கிடைப்பது தட்டையாக அறுத்த பலகை. முனையைப் பார்த்தால் ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்தோடு படுத்துக் கிடக்கும். நெக்குக்கு வேண்டியது வளையங்கள் செங்குத்தாக நிற்கும் மரம். ஈரம் ஏறி இறங்கும்போது அது குறைவாகவே ஆட்டம் காட்டும். அந்த அறுப்பில் பலகை வாங்கப் போனால் விலையும் அதிகம், கிடைப்பதும் அரிது. ஒட்டு நெக் செய்பவருக்கு இந்தக் கவலை இல்லை. ஒன்றேகால் இஞ்ச் தடிமனுள்ள தட்டைப் பலகையை எடுத்து, நீளவாக்கில் 25 மி.மீ. அகலத்துக்குப் பட்டைகளாக அறுத்து, ஒவ்வொன்றையும் கால் வட்டம் திருப்பி நிறுத்துங்கள். படுத்திருந்த வளையங்கள் எழுந்து நின்றுவிடும். பலகையின் பழைய மேல்முகம் இப்போது ஒட்டும் முகம், பலகையின் தடிமன் பட்டையின் அகலம். மலிவுப் பலகையிலிருந்து உயர்ந்த ரக நெக் வருவது இப்படித்தான்.

அறுத்த கையோடு ஒட்டக் கூடாது. பலகைக்குள் அடைபட்டிருந்த இறுக்கம் அறுத்ததும் அவிழும். ரம்பத்திலிருந்து வெளியே வரும்போதே சில பட்டைகள் விலகி வளைவதைக் கண்ணால் பார்க்கலாம். தேவைக்கு மேல் இரண்டு பட்டை கூடுதலாக அறுத்து, நடுவே குச்சி வைத்து அடுக்கி, குறைந்தது மூன்று வாரம் விட்டுவிடுங்கள். எங்கே வைப்பது என்பதும் முக்கியம். காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும் ஐப்பசி மழையில் மரம் 15, 16 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஏசி ஓடும் அறையில் அதுவே 9 சதவீதம் பக்கம் இறங்கும். வாத்தியம் எந்த அறையில் வாழப்போகிறதோ அந்த அறையிலேயே பட்டைகளையும் வையுங்கள். கார்த்திகை முடியாமல் பசைப் பாட்டிலைத் திறக்காதீர்கள் என்பது கடற்கரை ஊர்க்காரர்களுக்கு என் யோசனை.

மூன்று வாரம் கழித்துப் பரிசோதனை. பட்டையின் இரு முனையிலும் குறுக்கே ஒவ்வொரு நேரான சட்டத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு முன் சட்டத்தின் மேல்விளிம்பு வழியாகப் பின் சட்டத்தைப் பாருங்கள். இரண்டு விளிம்பும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் பட்டை நல்லது. ஒரு பக்கம் உயர்ந்து தெரிந்தால் முறுக்கு இருக்கிறது. அதை இழைத்து நேராக்கி உள்ளே சேர்த்துவிடலாம் என்று மனசு சொல்லும். கேட்காதீர்கள். இன்று இழைத்து எடுத்த முறுக்கு அடுத்த மழைக்குத் திரும்ப வரும். அதை ஹெட்ஸ்டாக் காதுக்கோ வேறு சில்லறை வேலைக்கோ ஒதுக்கிவிடுங்கள். லேசான வில் மட்டும் உள்ள பட்டைகளை எடுத்துக்கொண்டு, ஓரப் பட்டைகள் இரண்டின் வளைவும் எதிரெதிராக வரும்படி பென்சிலால் குறியுங்கள்.

இழைப்பும் ஒட்டும்

இழைப்புளியின் அலகு மயிரை வழிக்கும் கூர்மையில் இருக்க வேண்டும். ஒட்டும் முகங்கள் எல்லாவற்றையும் இழைத்த பிறகு இரண்டு பட்டைகளைப் பசை இல்லாமல் சேர்த்துப் பிடித்து, பின்னால் விளக்கை வைத்துப் பாருங்கள். எங்காவது ஒளிக்கீற்று தெரிகிறதா? விரலால் அழுத்தினால் அது மறைகிறதா? விரல் அழுத்தத்தில் மூடாத இடைவெளியைக் கிளாம்ப் போட்டு மூடினால் மூடும்தான். ஆனால் அந்த மரம் சுருள்வில் மாதிரி இறுகி உட்கார்ந்து, என்றைக்காவது தன் இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். மரத்தின் குறையை ஒட்டு முறை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், இழைப்பின் குறையைப் பொறுக்காது. 5 மி.மீ. வால்நட் பட்டைகளுக்கு மட்டும் இவ்வளவு கண்டிப்பு வேண்டாம், மெல்லியது வளைந்துகொடுக்கும். தடிமன் எங்கும் ஒரே சீராக இருந்தால் போதும்.

உப்புத்தாளால் தேய்த்து ஒட்டும் முகத்தை முடிக்காதீர்கள். கை அறியாமல் ஓரங்கள் உருண்டுபோய், நடுவில் மட்டும் தொடும் ஒட்டு கிடைக்கும்.

பசை விஷயத்தில் மஞ்சள் நிற மரப்பசை, டைட்பாண்ட் ஒரிஜினல் ரகம், எனக்குப் பிடித்தது. காய்ந்தால் விறைப்பாகும், உப்புத்தாளில் பிசுபிசுக்காது. சாதாரண வெள்ளைப் பசை சூட்டில் இளகும். பூட்டிய கார், வெயில், உள்ளே பேஸ் என்று யோசித்துப் பாருங்கள். மஞ்சள் பசையில் ஒரு சங்கடம்: தடவியதும் நாலைந்து நிமிடத்தில் இழுக்க ஆரம்பிக்கும், நம் வெயிலில் அதற்கும் முன்பே. நான்கு மூட்டுகளையும் ஒரே மூச்சில் ஒட்ட முயல்வதைவிட, நடு மேப்பிளையும் இரண்டு வால்நட்டையும் முதல் நாள் ஒட்டி, முகத்தை மறுபடி இழைத்து, ஓரப் பட்டைகளை இன்னொரு நாள் ஒட்டுவது நிம்மதி.

கிளாம்ப் எவ்வளவு இருந்தாலும் போதாது. 7, 8 சென்டிமீட்டருக்கு ஒன்று என்றால் 900 மி.மீ. நீளத்துக்குப் பன்னிரண்டு வேண்டும். கடன் வாங்குங்கள். வாங்க முடியாவிட்டால், நேரான தடித்த பலகையில் இருபுறமும் கட்டைகளை போல்ட் போட்டு நிறுத்தி, இடையில் எதிரெதிர் ஆப்புகளை அடித்து இறுக்குவது நம் தச்சர்களின் பழைய வழி. அழுத்தத்தில் அது கிளாம்புக்குச் சளைத்ததல்ல. பட்டைகளுக்கு வெளியே இருபுறமும் 2 இஞ்ச் இரும்பு பாக்ஸ் டியூப் வைத்தால் அழுத்தம் சீராகப் பரவும். கடையிலேயே கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து நேரானதாக வாங்குங்கள். டியூபுக்கும் மரத்துக்கும் நடுவே பாலித்தீன் தாள்.

பசை இல்லாமல் ஒருமுறை முழுவதும் இறுக்கிப் பாருங்கள், எந்தக் கிளாம்ப் எங்கே என்பது கைக்குப் பழகும். பிறகு அவிழ்த்து, இரண்டு முகத்திலும் பசையை மெல்லிய படலமாகப் பரப்பிச் சேருங்கள். பசை தடவிய பட்டைகள் வழுக்கி ஒன்றையொன்று தாண்டிப் போகும். இரு முனையிலும், பின்னால் வெட்டி எறியப்போகும் பகுதியில், மெல்லிய ஆணியோ பல்குச்சியோ அடித்துப் பூட்டிவிட்டால் நகராது. நடுவிலிருந்து முனைகளை நோக்கி இறுக்குங்கள். ஒரு கிளாம்ப் மேலே, அடுத்தது கீழே என்று மாற்றி மாற்றிப் போட்டால் கட்டை ஒரு பக்கம் தூக்காது. மூட்டு நெடுகிலும் பசை சிறு மணிகளாகப் பிதுங்கி வர வேண்டும். ஒரு இடத்தில் வரவில்லை என்றால் அங்கே பசை போதவில்லை. இப்போதே அவிழ்த்துச் சரிசெய்யலாம், பத்து நிமிடம் கழித்து முடியாது.

ஒரு நாள் முழுக்கக் கிளாம்பில் இருக்கட்டும். அவிழ்த்த பிறகு ஒரு வாரம் தொட வேண்டாம். பசையின் தண்ணீரைக் குடித்து மூட்டோர மரம் உப்பியிருக்கும். அந்த நிலையில் இழைத்து மட்டமாக்கினால், ஈரம் வடிந்ததும் ஒவ்வொரு கோடும் விரலுக்குத் தெரிகிற பள்ளமாகிவிடும்.

பள்ளமும் ஃபிரெட்போர்டும்

கட்டையை 19.5 மி.மீ. தடிமனுக்கு இழைத்து, மேல்முகத்தை நேராக்கி, உடனே ராடின் பள்ளத்தை எடுங்கள். நெக்கைக் குறுக்கிச் செதுக்குவது அப்புறம். பக்கங்கள் இரண்டும் இணையாக இருக்கும்போதுதான் ரௌட்டரின் ஓரத்தடுப்பு ஒழுங்காக உரசி ஓடும். இருபுறமும் திருகக்கூடிய டபுள் ஆக்‌ஷன் ராட் பெரும்பாலும் 6 மி.மீ. அகலம், 9, 9.5 மி.மீ. ஆழம் கேட்கும். ஆனாலும் வாங்கிய ராடைக் கையில் வைத்து அளந்த பிறகே பள்ளம். ஒரே இறக்கத்தில் வெட்டாமல் 3, 3 மி.மீ. ஆக மூன்று தடவை இறக்குங்கள். ராட் தளராமலும் திணிக்காமலும் உட்கார வேண்டும். அதிர்ந்து சத்தம் போடாதிருக்க இரண்டு இடத்தில் சொட்டு சிலிக்கான். பசை கூடாது.

இங்கே ஒரு கணக்கை எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். முதல் ஃபிரெட்டில் நெக்கின் மொத்தத் தடிமன் 21 மி.மீ. என்று வைத்தால், ஃபிரெட்போர்டுக்கு 6 போக மரம் 15. பள்ளம் 9.5. முதுகில் மிஞ்சுவது ஐந்தரை மி.மீ. செதுக்கும் உற்சாகத்தில் இன்னும் கொஞ்சம் மெலியட்டும் என்று தோன்றும்போது இந்த எண்ணைப் பாருங்கள்.

அடுத்து நடுக்கோடு போட்டு, 38-லிருந்து 63.5-க்கு விரியும் ஓரங்களைக் குறித்து அறுப்பது. வால்நட் கோடுகள் நேராக ஓட, நெக் மட்டும் விரிந்துகொண்டு போகும். நடுக்கோடு ஒரு மி.மீ. தப்பினாலும் இரண்டு ஓரத்து மேப்பிளும் வேறு வேறு அகலத்தில் தெரிந்து காட்டிக்கொடுக்கும். எனவே கட்டையின் ஓரத்திலிருந்து அளக்காமல், நடுப்பட்டையின் இரு பசைக்கோடுகளுக்கும் சரிபாதியில் நடுக்கோட்டைப் போடுங்கள். ராடின் பள்ளத்துக்கும் இதே கோடுதான்.

ஃபிரெட் வெட்டுகளைப் பலகை சதுரமாக இருக்கும்போதே மூலமட்டம் வைத்து அறுத்துவிடுங்கள். ஒவ்வொரு ஃபிரெட்டையும் நட்டிலிருந்தே அளக்க வேண்டும். முந்தைய ஃபிரெட்டிலிருந்து அளந்தால் சின்னப் பிசகுகள் சேர்ந்துகொண்டே போகும். 34 இஞ்சுக்கு முதல் ஃபிரெட் 48.47 மி.மீ., ஐந்தாவது 216.63, ஏழாவது 287.22, பன்னிரண்டாவது சரிபாதியான 431.80, இருபதாவது 591.58.

ஃபிரெட்போர்டை ஒட்ட மட்டும் நான் மஞ்சள் பசையை விட்டு எபாக்ஸிக்கு மாறுவேன், மெதுவாக இறுகும் சாதாரண அரால்டைட் ரகம். தண்ணீர்ப் பசை இவ்வளவு பெரிய பரப்பில் மரத்தை ஈரமாக்கி, நெக்கைப் பின்னோக்கி வளைத்துவிடும். ராடின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுப் பசை தடவி, டேப்பை உரித்து எடுத்தால் பள்ளத்துக்குள் பசை போகாது. பலகை வழுக்காதிருக்க, இரண்டாவது ஃபிரெட் வெட்டிலும் பதினெட்டாவதிலும் 1 மி.மீ. துளையிட்டுத் தலை நறுக்கிய ஆணியைச் செருகுங்கள். இறுகியதும் பிடுங்கிவிடலாம், துளையை ஃபிரெட் மூடிக்கொள்ளும்.

செதுக்கல்

முதல் ஃபிரெட்டிலும் பன்னிரண்டாவதிலும் முழு வளைவையும் முதலில் ராஸ்ப்பால் செதுக்கி முடித்துவிடுங்கள். அட்டையில் வெட்டிய அச்சை வைத்துச் சரிபாருங்கள்: முதலாவதில் 21, பன்னிரண்டாவதில் 23 மி.மீ. பிறகு இரண்டையும் இணைப்பது மட்டுமே மிச்சம். நேரே உருட்டாமல் முதலில் 45 டிகிரியில் ஒரு நீளமான சரிவு, அதன் இரு விளிம்பையும் உடைத்து இரண்டு சரிவு, இப்படிப் பட்டை பட்டையாகப் போனால் இரு பக்கமும் ஒன்றாக வரும்.

புரட்டி ஒட்டியதற்கான விலையை இங்கே கொடுக்க வேண்டியிருக்கும். பட்டைகளின் நார் எதிரெதிராக ஓடுவதால், ஒரு பட்டையில் சுருள் சுருளாக வரும் சீவல் அடுத்ததில் சில்லாகப் பெயரும். ஸ்போக்‌ஷேவை ஓரமாகச் சாய்த்து மிக மெல்லிசாக எடுங்கள். அப்படியும் பெயர்ந்தால் ராஸ்ப்பும், கடைசியில் ஸ்கிரேப்பர் தகடும்தான் வழி. தேய்க்கும்போது வால்நட் தூள் மேப்பிளின் துளைகளில் இறங்கி அதை அழுக்காக்கும். துணியால் துடைத்தால் இன்னும் உள்ளே போகும், வாக்குவம் வைத்து உறிஞ்சுங்கள். ஈட்டித் தூள் சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை தரும். முகமூடி இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

செதுக்கி முடித்ததும் ஒரே ஒரு கை ஷெல்லாக் பூசி, ஹெட்ஸ்டாக்கில் ட்யூனர் துளையிட்டு, அதில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு வாரம் கழித்து அந்த இரண்டு நேர்ச்சட்டங்களையும் மறுபடி எடுத்து நட் பக்கத்திலும் ஹீலிலும் வைத்துப் பாருங்கள். நீளவாக்கில் இஞ்ச் ஸ்கேலைச் சாய்த்து வைத்து, அடியில் ஒளி எங்கே தெரிகிறது என்றும் பாருங்கள். சிறு வளைவு இருந்தால் ராடை அரைத் திருகல் திருகி நேராக்கி, ஃபிரெட்போர்டின் மேல்முகத்தை நேர்ச்சட்டத்தில் ஒட்டிய உப்புத்தாளால் தேய்த்து மட்டமாக்குங்கள். ஃபிரெட் அடிப்பது அதன் பிறகு. அதற்கான சுத்தியலும் கம்பியும் ஏழாம் அத்தியாயத்தில்.